உத்திரம் இல்லாத மண்டபம்: திருமலை நாயக்கர் மகால்

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைக் கட்டியவர் ஓர் இத்தாலியச் சிற்பி என்று பலரும் எழுதியுள்ளனர். அது உண்மையா என்னும் வினாவுடன்தான் வரலாற்றுத் துறை மாணவர்களாகிய நாங்கள் மகாலுக்குள் நுழைந்தோம். நான் மயிலாடும்பாறைக்காரன். வருசநாட்டு மலையில் பிறந்து எங்கள் ஊர் வழியே ஓடும் வைகைதான் மதுரைக்கும் செல்கிறது. ஆயினும் ஆண்டிபட்டிக் கணவாயும் உசிலம்பட்டியும் கடந்து அந்நகரை நான் நின்று பார்த்தது அன்றுதான்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். தலைநகரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மாற்றிய அவர், 1636இல் இம்மாளிகையைக் கட்டினார். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்னும் இரு பெரும் பகுதிகளும், நாடகசாலையும், ஆயுதசாலையும், பூந்தோட்டமும் இருந்தன என்பர். இன்று நாம் காண்பது சொர்க்க விலாசமும் அதனைச் சார்ந்த சில பகுதிகளும் மட்டுமே. பழைய மாளிகையில் இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

சொர்க்க விலாசத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓர் ஐயம் எழும். சுமார் 60 அடி விட்டமுள்ள கவிமாடம் தலைக்குமேல் நிற்கிறது. மர உத்திரமும் இல்லை, இரும்பும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே எல்லாம். செங்கல் பெரும் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். ஆகவே பாரம் முழுவதையும் அழுத்தமாகவே கீழே இறக்க வேண்டும். அதற்கு வழி வில்வளைவு. எங்கள் ஊர்த் தோட்டங்களில் வட்டக் கிணறுகளுக்குக் கல் கட்டுவார்கள். வெளியிலிருந்து மண் நெருக்க நெருக்கக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளுமே, அதே தத்துவந்தான்.

மகாலில் தூண்கள் முதலில் ஒரு சதுரமாக நிற்கின்றன. அவற்றை வளைவுகள் இணைக்கின்றன. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் குறுக்காக வேறு நான்கு வளைவுகள் எழுப்பியதால் சதுரம் எண்கோணமாகிறது. எண்கோணம் மேலே சென்று வட்டமாகிறது. வட்டத்தின்மேல் கவிமாடம் அமர்கிறது. கவிமாடம் கீழே அழுத்துவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். அத்தள்ளுதலைத் தாங்கவே தூண்கள் அத்தனை பருமன். நாங்கள் நால்வர் கைகோத்தும் ஒரு தூணைச் சுற்றி எட்டவில்லை. ‘யானைக்கால் போல’ என்று நண்பன் ஒருவன் கேலி செய்தான்; பொருத்தமான கேலிதான்!

இனி இத்தாலியரிடம் வருவோம். பிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் எண்கோணக் கவிமாடத்தைப் புரூனெலெஸ்கி 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார். இராபர்ட் தெ நொபிலி 1606இலேயே மதுரைக்கு வந்துவிட்டார். இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பவர்க்கு இத்தாலியக் கதை இனிக்கும். ஆனால் நொபிலி சமயத் தொண்டர். கட்டடக் கலைஞர் அல்லர். மகாலின் வளைவுகளில் உள்ள இதழ் இதழான விளிம்புகள் தக்காணச் சுல்தான்களின் கட்டடங்களையே எனக்கு நினைவூட்டின. அந்நாளில் பிஜப்பூரில் கோல்கும்பஸ் என்னும் மாபெரும் கவிமாடம் எழுந்துகொண்டிருந்தது. சுதையில் செய்த யாளிகளோ முழுக்க நம் நாட்டுக் கைவண்ணம். வெளிநாட்டார் யோசனை கேட்டிருக்கலாம். முழுப் பெருமையையும் பெயர் தெரியாத ஓர் இத்தாலியருக்குக் கொடுத்துவிட்டு, சாந்து அரைத்த கைகளை மறப்பது எனக்கு உடன்பாடு இல்லை. முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்பை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கியவர்கள் நம் கொத்தர்களே.

நாயக்கரின் பேரர் சொக்கநாதர் தலைநகரை மீண்டும் திருச்சிக்கு மாற்றியபோது மாளிகையின் பெரும்பகுதியை இடித்துப் பொருள்களைக் கொண்டுபோனார் என்பர். எஞ்சியதும் பாழடைந்து கிடக்க, சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866க்கும் 1872க்கும் இடையில் பழுதுபார்க்க முயற்சி எடுத்தார். கட்டடக் கலைஞர் சிஷோம் அப்பணியை மேற்கொண்டார். பின்னர் நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றம் இங்கு நடந்தது. இப்போது தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை காத்து வருகிறது.

காவல் இருந்தும், கைக்கெட்டும் உயரத்தில் தூண்களில் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. காதலர் பெயர்கள், தேதிகள், ஊர்ப்பெயர்கள். அவற்றுள் எங்கள் வட்டாரத்து ஊர் ஒன்றும் இருந்தது. மேல்தோலாகிய பளபளப்பு கீறப்பட்டால் ஈரம் உள்ளே இறங்கும். சாந்து உப்பி உதிரும். பின்பு செங்கல் தெரியும். இதைப் பேராசிரியர் ஐயா விளக்கிக்கொண்டிருந்தபோதே அடுத்த தூணருகே ஒரு சிறுவன் ஆணியை எடுத்தான். ‘தம்பி, வேண்டாம்பா’ என்று நண்பன் அவன் கையைப் பற்றினான். சிறுவனின் தந்தையார் எங்களைத்தான் முறைத்தார்.