வேரும் மூச்சுவிடும்

நுழையும்முன்
அளவறியா அன்பும் செடியை வாட்டும். வீட்டினுள் செடி வளர்ப்போர் அறியவேண்டிய அடிப்படை உண்மையை விளக்குகிறது இப்பாடம்.

மதுரையை அடுத்த பரவை, வைகையாற்றை ஒட்டிய ஊர். மழை பொய்த்தால் வைகை மணற்பரப்பாகக் காட்சிதரும். நீரின் அருமையறிந்த இம்மண்ணிலும், வீட்டினுள் வைத்த தொட்டிச்செடிகள் பல நீர்மிகுதியால் மடிகின்றன. இஃது எதனால்?

அறைக்குள் ஒளி குறைவு. ஒளி குறையவே ஒளிச்சேர்க்கையும் நீராவிப்போக்கும் குறையும். முற்றத்துச் செடிக்கு ஊற்றும் அளவு நீரை அறைச்செடிக்கும் ஊற்றினால் மண் எளிதில் உலராது. மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்கவேண்டிய இடத்தை நீர் நிறைத்துவிடும். உயிர்வளி பெறாத வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை துவளும். அதனைத் தாகமெனக் கருதி மேலும் நீரூற்றுகிறோம், செடி மடிகிறது.

எனவே, நாள்கணக்கைவிட மண்ணின் ஈரமே நமக்கு அளவுகோல். விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணுள் செலுத்துக. ஈரம் இருப்பின் பொறுத்திருக்க, உலர்ந்திருப்பின் நீரூற்றுக. தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. காலை வெயில் படும் கிழக்குச் சாளரம் பல செடிகளுக்கு ஏற்ற இடம்.

சங்க இலக்கியம் கூறும் மரல், இன்று ‘ஸ்நேக் பிளாண்ட்’ என விற்கப்படும் செடியின் உறவு. தடித்த இலையில் நீரைச் சேமிக்கும் இவ்வினம், நாம் நீரூற்ற மறந்தாலும் தாங்கும். நீர் தேங்கினால் தாங்காது.

தாவரங்களைத் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். அவ்வுயிரைக் காக்க நமக்கு வேண்டுவதும் தொட்டறியும் பொறுமையே.

சிந்தனை வினா
வாடிய இலையைக் கண்டதும் நீரூற்றுதல் சரியா? காரணம் கூறுக.