படித்துவிட்டுப் போ, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதுவது. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், பூம்பாறையிலிருந்து தோழிகளோடு நீயும் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். பூண்டு எடுப்பு முடியட்டும் என்கிறார் உன் அப்பா. போகாதே என்று நான் சொல்லமாட்டேன். படித்துவிட்டுப் போ என்கிறேன்.

அந்த ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், முழு அளவில் ஓடும்போது 10,000 பெண்களுக்கு வேலை என்று அதன் நிறுவனர் பவிஷ் அகர்வால் 2021 செப்டம்பரில் அறிவித்தபோது மனம் நிறைந்துபோனது. எங்கள் காலத்தில் ஆலையின் இரவு ஷிப்ட்டுக்குப் பெண்களைச் சட்டமே விடாது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2000-த்தில்தான். ஆனாலும் அறிவிப்பை நம்பி மட்டும் மூட்டை கட்டாதே. ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கும் வேலைக்கு நாளைக்கே இன்னொரு பதினெட்டு வயதுப் பெண் கிடைப்பாள். பேட்டரியைச் சோதித்து எங்கே கோளாறு என்று சொல்லத் தெரிந்தவளை அப்படி மாற்றிவிட முடியாது. கல்யாணம், பிள்ளை என்று நடுவில் நின்றாலும், கொடைக்கானலிலோ வத்தலக்குண்டிலோ அவளுக்குப் பிழைப்பு உண்டு.

டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்களைத் தமிழக அரசு அமைத்திருக்கிறது. மின் வாகன மெக்கானிக் பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சேர். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

ஸ்கூட்டரோடு கார்களும் உன் கைக்கு வரலாம். மின்சாரக் கார்களில் பல நூறு வோல்ட் இருக்கும். ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால், காப்புக் கையுறை போட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதே. கையாளும் ரசாயனம் எது, புகை எங்கே போகிறது என்று முதல் நாளே கேள். நம் மலைக்கு இது தெரியாததல்ல. பாதரச மாசுப் புகாரில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. பதினைந்து வருஷம், செல்வி! கேட்காமல் வேலை செய்த உடம்புகள் அவை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கையெழுத்துப் போடுமுன் வேலை உத்தரவைப் படி. சம்பளம் தருவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பாலியல் தொல்லையை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அது இருந்தாக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே திண்டுக்கல் வா. விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை