ஒட்டாதே தங்கச்சி, தைத்துக் கொடு!

பிள்ளை போனைக் கேட்டு அழுகிறான், கையில் வேறு என்ன கொடுக்கிறது என்று கேட்கிறாயே, உனக்காகத்தான் இது. நானும் ஒரு காலத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பசை தடவி, ஜிகினா தூவி ஒரு மயில் பொம்மை செய்தவள்தான். என் பிள்ளை அதை வாங்கின கையோடு வாயில் வைத்தான். அடுத்த நிமிஷம் மயிலின் கண் அவன் நாக்கில்! அன்றைக்குத் தூக்கிப் போட்டேன் பசை டப்பாவை.

கடையில் விற்கிற பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உன் அடுப்படியில் செய்கிற பொம்மையைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நீதான் பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று சட்டம்

1. வாய்க்குள் போகாத அளவு. டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை எடுத்து வை. அகலம் சுமார் 4 செ.மீ. இருக்கும். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது.
2. ஒட்டாதே, தை, கட்டு, கோர். வெள்ளைப் பசை எச்சில் பட்டால் இளகிவிடும். இரட்டை நூல் தையல் அவ்வளவு சீக்கிரம் விடாது.
3. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதே. நாள் கணக்கில் செய்தால், பிள்ளை கிழிக்கும்போது உனக்குக் கோபம் வரும். கிழிக்கத்தானே அவன் விளையாடுகிறான்!

இதைச் செய்

1. சுங்குடிப் பந்து. தொட்டில் கட்டிக் கட்டி நைந்துபோன சுங்குடிச் சேலை இருக்கும், தேடு. பருத்தி, அதுவும் பல தடவை துவைத்தது. பிள்ளை வாய்க்கு உறுத்தாது. உள்ளேயும் துணியையே திணித்து, கொய்யாப்பழத்தை விடப் பெரிதாக உருட்டி இரண்டு சுற்றுத் தை. அரிசி, கேழ்வரகு, புளியங்கொட்டை வைத்துத் தைக்காதே. தையல் விட்டால் அத்தனையும் வாய்க்குள்தான்.

2. வளையல் கிலுகிலுப்பை. அகல வாய் பிளாஸ்டிக் ஜாடியில் பழைய உலோக வளையல் நாலு போட்டு மூடு. மதுரைப் புது மண்டபத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அள்ளி வந்தாயே, அதில் கல், மணி வைக்காததாகப் பார்த்து எடு. கண்ணாடி வளையல் கூடவே கூடாது. சின்னத் தண்ணீர் பாட்டிலிலும் செய்யாதே. அதன் மூடியே தொண்டையை அடைக்கிற அளவு.

3. அதே ஜாடி, உண்டியல். மூடியில் நீளமாக ஒரு வாய் வெட்டி, வெட்டின ஓரத்தைத் தேய்த்து மழுக்கு. ஒரு வயதுப் பிள்ளை வளையலை ஒவ்வொன்றாகப் போடும், கவிழ்க்கும், மறுபடி போடும். அதற்குள் நீ குழம்பே வைத்துவிடலாம். ஆனால் பிள்ளை உன் கண்ணெதிரே இருக்கட்டும்.

4. அட்டைப்பெட்டி வாகனம். கீழமாசி வீதி மளிகைக் கடையில் கேட்டால் காலிப்பெட்டி கிடைக்கும். ஸ்டேப்ளர் பின் ஒன்று விடாமல் பிடுங்கு, டேப்பை உரி. முன்னால் அட்டையில் குதிரைத் தலை வரைந்து வெட்டி, நூலால் கோர்த்துக் கட்டு. பிள்ளையை உட்கார வைத்து, துணி ஒன்றைக் கட்டி இழுத்தால் வீட்டுக்குள்ளேயே குதிரைச் சவாரிதான்! இழுக்கிற துணியை ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவிடு. பிள்ளை கைக்கு எட்டுகிற எந்தப் பொம்மையிலும் கயிறு ஒரு சாணுக்கு மேல் தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றும்.

5. சப்பாத்தி மாவு. உப்புப் போட்டுப் பிசைந்தால் வாரக்கணக்கில் கெடாது என்று எவளாவது சொல்வாள், கேட்காதே. அவ்வளவு உப்பைப் பிள்ளை தின்றால் ஆபத்து. வெறும் மாவு, நிறத்துக்குப் பீட்ரூட் சாறு. சாயங்காலம் தூக்கிப் போட்டுவிடு.

6. நுங்கு வண்டி. சித்திரை, வைகாசியில் நுங்கு தின்ற கோந்தையைப் போட்டுவிடாதே. இரண்டைக் குச்சியால் கோர்த்து, கவைக்கம்பால் தள்ளினால் ஓடும். மூன்று வயது தாண்டினால்தான் பிள்ளை கையில் கம்பு. அதுவரை தாத்தா ஓட்டட்டும், இவன் பின்னாடி ஓடட்டும்.

இவற்றை வீட்டுக்குள் விடாதே

- குன்றிமணி: பிள்ளையார் கண்ணுக்கு அழகு, ஆனால் விஷ விதை.
- பொத்தான் கண், சிமிக்கி, மணி: பிய்ந்தால் நேரே தொண்டைக்கு.
- பட்டன் பேட்டரி, காந்தம்: விழுங்கினால் உணவுக்குழாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். விழுங்கின சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு.
- தெர்மாகோல், பலூன்: கடித்த துண்டு மூச்சுக்குழாயை அடைக்கும்.
- விளாச்சேரிக் கொலு பொம்மை: பார்க்கத்தான். உடைந்தால் ஓடு கிழிக்கும், பெயின்டும் வாய்க்குள் போகும்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் முன்னால் கொட்டாதே. இரண்டைக் கொடு, மிச்சத்தைப் பரண்மேல் ஒளித்து வை. அடுத்த வாரம் இறக்கினால் புதுசு மாதிரி பாய்வான். இறக்கும்போதே ஒவ்வொன்றையும் உன் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார். உன் கைக்கு வந்தது அவன் பல்லுக்கும் வரும். பிய்ந்ததா, குப்பையில் போடு. பத்து நிமிஷ வேலைதானே!