தட்டுமுட்டுச் சாமான் கட்டும் தம்பிக்கு



இரண்டு வருடம் குட்டியானை மினி லாரியில் ஊருக்குள்ளேயே ஏற்றி இறக்கிய பிறகு, வெளிமாநில லோடு ஒன்று முதல் தடவையாக உன் பொறுப்பில் வருகிறது. மயிலாப்பூரில் ஏற்றி, டெல்லி மயூர் விஹாரில் இறக்க வேண்டிய வீடு. சாலையில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். உள்ளூர் வேலையில் காலையில் கட்டிய கையே சாயந்திரம் அவிழ்க்கும். எந்தப் பெட்டியில் எது என்று தனியாக எழுதி வைக்க வேண்டியதில்லை. வெளிமாநில லோடில் கட்டுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர், அவிழ்க்கிறவர் வேறொருவர். தொழிலின் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவிழ்க்கப்போகிறவரை நினைத்துக்கொண்டே கட்டுகிற ஆளைத்தான், அடுத்த மாற்றல் வரும்போதும் வீட்டுக்காரர்கள் பெயர் சொல்லித் தேடுகிறார்கள்.

டெல்லிக்குள் பகல் நேரத்தில் கனரக லாரிகளுக்குத் தடை உண்டு. குடியிருப்புத் தெருக்களில் பெரிய கன்டெய்னர் திரும்பவும் முடியாது. ஆகவே நகர எல்லையில் வண்டியை நிறுத்தி, சாமானைச் சின்ன வண்டிகளுக்கு மாற்றித்தான் பெரும்பாலும் உள்ளே கொண்டு போவார்கள். நடுராத்திரியில், வெளிச்சம் குறைந்த இடத்தில், அவசரமாக நடக்கும் வேலை அது. அங்கே தூக்குகிறவருக்குத் தமிழ் தெரியாது. ‘கண்ணாடிச் சாமான், ஜாக்கிரதை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாலும் அவருக்கு அது வெறும் கோடுதான். பெட்டிக்கு எண் போடு. தடித்த மார்க்கரால் நான்கு பக்கமும் போடு. மேல்மூடியில் மட்டும் போட்டால் அடுக்கிய பிறகு கண்ணில் படாது. மேல்பக்கம் எது என்று காட்ட அம்புக்குறி, உடையும் சாமானுக்குக் கோப்பைப் படம். இந்த இரண்டும் எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

எந்த எண்ணில் எது என்பதை நோட்டில் எழுது. ஒரு நகல் வீட்டுக்காரரிடம், ஒன்று உன்னிடம், ஒரு படம் செல்போனில். எகிப்தில் அஸ்வான் அணைக்கட்டின் நீரில் மூழ்கவிருந்த அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை 1,000-க்கும் மேற்பட்ட கற்பாளங்களாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய்த் திரும்பவும் எழுப்பினார்கள். 3,000 வருடத்துக்கு மேல் பழைய கோயில் மறுபடி கோயிலாக நின்றதற்கு, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டிருந்ததும் ஒரு காரணம். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு அந்தக் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு உழைப்புப் போதும்.

மயிலாப்பூர் வீடு என்றால் பரணில் கொலு பொம்மை இல்லாமல் இருக்காது. ஒரு பொம்மையைக் கட்டத் தெரிந்தவருக்கு வீட்டில் உள்ள மற்றதெல்லாம் சுலபம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் கையில் எடுத்துக் கனம் பார். பண்ருட்டி, மதுரை விளாச்சேரிப் பக்கத்து மண் பொம்மை கனமாக இருக்கும். காகிதக் கூழ் பொம்மை லேசாக இருக்கும். மண் பொம்மை வயிற்றில் உடைவதில்லை. கழுத்து, நீட்டிய கை, கையில் இருக்கும் வில், புல்லாங்குழல் என்று மெலிந்த இடத்தில்தான் போகும். அதனால் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, முதலில் கழுத்தைச் சுற்றிக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலிருக்கும் பள்ளம் நிரம்பும்படி வை. அடுத்து கை. நீட்டிய கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் துணிச் சுருளைச் செருகு. பிறகு முழு உடம்பையும் சுற்று. செய்தித்தாள் துணிக்கு மேலேதான் வர வேண்டும். நேரடியாகச் சுற்றினால் மை வர்ணத்தில் ஏறும். பபுள் ஷீட்டையும் வர்ணத்தின் மேல் நேராகச் சுற்றாதே. வெயிலில் பல நாள் கிடந்தால் குமிழ் குமிழாகத் தடம் பதிந்துவிடும்.

பெட்டியில் பொம்மையை நிற்க வை, படுக்க வைக்காதே. கனமானது கீழே, நடுவில் ஒரு அட்டை, லேசானது மேலே. மூடுவதற்கு முன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசை. உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் கட்டு முடியவில்லை என்று அர்த்தம். திறந்து இன்னும் துணி வை. தசாவதாரம் செட் இருந்தால் மச்சத்திலிருந்து கல்கி வரை பத்தையும் எண்ணி, ஒரே எண்ணுள்ள பெட்டியில் போடு. ஒன்பது வந்து சேர்ந்தால் அந்த வீட்டில் அடுத்த நவராத்திரிக்கு கொலுப்படியில் ஓர் இடம் வெறுமையாக நிற்கும். அதற்கு எந்த நஷ்ட ஈடும் ஈடாகாது.

புத்தகத்தை யாரும் உடையும் சாமானாக நினைப்பதில்லை. புத்தகம் உடையாதுதான், ஆனால் பெட்டியை உடைக்கும். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் போட்டால் அடி கிழிந்து மாடிப்படியில் கொட்டும், தூக்குகிறவரின் முதுகும் போகும். சின்னப் பெட்டி, 15 கிலோவுக்குள், மேலே கொஞ்சம் துணி. அரிய தமிழ் அச்சுப் பிரதிகளை வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது செட்டிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. நூலும் இதழும் நாடக நோட்டீசுமாக இருந்த அந்தக் காகிதங்கள் ஊர் மாறி வந்ததால் இன்று தமிழ் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. ஆகவே, ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் பழைய இதழ்க் கட்டுகளைக் காட்டி ‘இதைப் பத்திரமாகக் கட்டுப்பா’ என்றால், எடைக்குப் போட வேண்டிய காகிதம்தானே என்று முகம் சுளிக்காதே.

சமையலறையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் குத்தாக நிறுத்து. கிரைண்டரில் குழவிக் கல்லை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்று. ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைக்கச் சொல்லி, ஈரம் போகத் துடைத்து, கதவைச் சின்ன இடைவெளியோடு கட்டு. இறுக்கி மூடினால் டெல்லி போய்த் திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும். நிமிர்த்தியே ஏற்று. இறக்கிய பிறகும் சில மணி நேரம் நிற்க விட்டு ஆன் செய்யச் சொல். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது பின்புறத்திலிருந்து கழற்றிய டிரான்சிட் போல்ட்டுகளைத் தேடி மாட்ட வேண்டும். மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி ஆடி உள்ளே சேதமாகும். கட்டில் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டிலின் காலிலேயே கட்டு.

ஊறுகாய் ஜாடியைப் பற்றி ஒரு வார்த்தை. மாவடு ஜாடியை ‘அங்கே போய்ப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று எந்த அம்மாவிடமும் சொல்லாதே. வடு மாங்காய் கிடைக்கும் பருவம் சில வாரம்தான். அந்த வருஷத்துக்கு வேறு வழியில்லை. மூடிக்கு அடியில் பாலிதீன் தாள், மேலே துணிக்கட்டு, ஜாடியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்திச் சுற்றிலும் துணி. வண்டியில் அந்த வாளிக்குப் பக்கத்தில் புத்தகமோ பட்டுப் புடவையோ வரக் கூடாது.

இந்த வீட்டில் ஒரு தஞ்சாவூர் வீணையும் இருக்கிறது. நீ போகப்போவது மே மாதக் கடைசி. நாக்பூர்ப் பக்கமும் டெல்லியிலும் வெயில் 45 டிகிரியைத் தொடும் காலம். இரும்புக் கன்டெய்னருக்குள் அதைவிடச் சூடு. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை இல்லை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகுப் படுகையில் சுரம் பார்த்துப் பார்த்துப் பதித்தவை. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் வாசித்தால் சுரம் சேராது. மறுபடி மெட்டுக் கட்டத் தெரிந்த ஆளை அந்த ஊரில் எங்கே தேடுவார்கள்? வீணை லாரியில் வர வேண்டாம் என்று வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடு. ரயிலில் குளிர்சாதனப் பெட்டியில், உறை போட்டு, கூடவே எடுத்துப் போகட்டும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்துவதை வாசிக்கிறவர் கையாலேயே செய்யச் சொல். ஒரு சாமானை ஏற்ற மறுப்பதால் கூலி குறையலாம். ஏற்றக் கூடாததை ஏற்ற மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் வீட்டுக்காரர்கள் நம்புவார்கள்.

ஏற்றக் கூடாத மற்றவையும் உண்டு. கேஸ் சிலிண்டரை வண்டியில் வைக்காதே, காலியாக இருந்தாலும் வேண்டாம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வரும்; அங்கே கொடுக்கும் டெர்மினேஷன் வவுச்சரைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு வாங்கலாம். ஸ்கூட்டரில் பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிடு. அந்த ஸ்கூட்டர் 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடப்போகிறது என்றால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்பதைச் சொல்லி வை. ஊர் போன பிறகு இதற்காகத் திரும்பி வருகிறவர்கள் நிறைய. நகை, பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருந்து எல்லாம் அவர்கள் கைப்பையில் இருக்க வேண்டும். சாமி அறையை மட்டும் வீட்டுப் பெரியவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல். அவர் எடுத்துக் கொடுக்க, நீ வாங்கிக் கட்டு.

கடைசியாக ஏற்றி முதலில் இறக்க வேண்டிய பெட்டி ஒன்று உண்டு. நம்மவர்கள் புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுவார்கள். குத்துவிளக்கு, மஞ்சள், உப்பு, பால் பாத்திரம், நாலு டம்ளர், ஒரு படுக்கை விரிப்பு, ஜங்ஷன் பாக்ஸ், கத்தரிக்கோல், ஒரு ஸ்குரூடிரைவர். கேஸ் இணைப்பு வர நாளாகலாம் என்பதால் இண்டக்ஷன் அடுப்பும் அதில் இருக்கட்டும். இந்தப் பெட்டிக்கு எண் 1 போட்டு, சிவப்பு டேப் ஒட்டி, கன்டெய்னர் கதவை ஒட்டி வை. இரண்டு நாள் ரயில் பயணம் செய்து, குழந்தையோடு வெறும் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் வரும் நிம்மதியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

காகித விஷயத்தில் உனக்கே தெளிவு வேண்டும். எல்.ஆர். என்னும் லாரி ரசீது இல்லாமல் வண்டி நகரக் கூடாது. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. சாமான் பட்டியலும் வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகலும் டிரைவரிடம் இருந்தால் போதும். சாமானின் மதிப்பைப் பட்டியலில் எழுதச் சொல். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தில், மதிப்பை முன்கூட்டி எழுதிக் கொடுக்காவிட்டால் ஏற்றிச் செல்பவரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது. சேதமானால் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் என்று பணம் வாங்கினால் பாலிசி நகல் வீட்டுக்காரர் கைக்குப் போக வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு பாலிசியே எடுக்காதவர்களும், பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்க நேர்ந்தால் அந்த மாதச் சம்பளத்தோடு விலகிவிடு.

டெல்லியில் இறக்கியதும் எண்ணை வாசித்து, நோட்டில் டிக் அடித்து, உடையும் பெட்டிகளை அவர்கள் எதிரிலேயே திறந்து காட்டிய பிறகு கையெழுத்து வாங்கு. ஏதாவது உடைந்திருந்தால் ரசீதிலேயே எழுதச் சொல். மறைத்துவிட்டு வந்தால் நோட்டில் நீ அத்தனை நாள் எழுதியதற்கு மதிப்பே இல்லை.

உன் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது வந்த ஓர் ஆண் தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சொன்ன பரிந்துரை. கண்ணாடி வைத்த இரும்பு பீரோ அதைவிடக் கனம். சும்மாடு வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக மாடி இறங்குவதை வீரம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. முட்டியை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைத்துத் தூக்காதே. நிறுவனம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள். பிடிக்கவில்லை என்றால், 1982-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் உன் பெயரைப் பதிவு செய். 18 வயது முடிந்து 60 வயது ஆகாதவர் பதியலாம். விபத்து நிவாரணமும் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் அதில் உண்டு. டெல்லி வண்டி புறப்படுவதற்கு முன்பே அதை முடித்துவிடு.