இம்ப்ளான்ட் வைக்க எலும்பு போதவில்லையா?

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு முதல் 6 மாதங்களில்தான் வேகமாகத் தேயும். பின்னால் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல் வேர்) வைக்கும் எண்ணம் இருந்தால், பிடுங்கும் அன்றே 'குழியில் எலும்புத்தூள் வைக்கலாமா?' என்று கேட்டுவிடுங்கள்.

எந்தத் தூள்? நம் தாடையிலிருந்தே எடுப்பது நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு இடத்தில் புண். தானமாக வந்த மனித எலும்பை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி காமா கதிரால் சுத்திகரித்துத் தருகிறது. மாட்டெலும்புத் தூள் மெல்லத்தான் கரையும், அதனால் தாடை மேடு தாழாமல் நிற்கும். மாட்டெலும்பு மனசுக்கு ஒப்பாதென்றால் முன்பே சொல்லுங்கள். கேட்காவிட்டால் சிலர் விவரம் சொல்லாமல் விடலாம். சிறு குழிக்குச் செயற்கைத் தூளே பெரும்பாலும் போதும்.

சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே தேதி குறியுங்கள். எலும்புத் தேய்வுக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் மறைக்க வேண்டாம். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

தூள் வைத்த அன்றே உப்புநீரால் கொப்பளிக்காதீர்கள். மறுநாள், வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, துப்பாமல் வழியவிடுங்கள். மணல்போல் ஒன்றிரண்டு துகள் வந்தால் பயமில்லை. சீழ் வந்தால் உடனே போங்கள்.

புதுச்சேரிப் பக்கம் குயிலாப்பாளையத்தில் இருப்பவர்கள் செலவுக்கு அஞ்சினால், கோரிமேட்டிலுள்ள மகாத்மா காந்தி அரசு பல் மருத்துவ நிலையத்தில் முதலில் விசாரியுங்கள். எங்கே செய்தாலும், தூள் டப்பாவின் ஸ்டிக்கரைப் பில்லோடு வாங்கி வையுங்கள்.