அடுக்களையில் தொடங்கிய இதய மருத்துவம்

நெஞ்சுவலி கண்டவருக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி. மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. பல வீடுகளில் காணும் இந்த ஏற்பாடு நிலைப்பதில்லை. ஏன்? உணவுப் பழக்கம் தனி மனிதருடையது அன்று, குடும்பத்தினுடையது.

பின்லாந்தின் கிழக்கிலுள்ள வட கரேலியா இதற்குச் சான்று. அங்கே உழைக்கும் வயதிலேயே ஆண்கள் பலர் மாரடைப்பால் மாண்டனர். வெண்ணெயும் புகையும் இரத்தக் குழாய்களைக் கெடுத்தன. உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்திற்று. 1971-இல் மக்களே அரசிடம் முறையிட்டனர். 1972-இல் டாக்டர் பெக்கா புஸ்கா தலைமையில் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. மார்த்தா என்னும் இல்லத்தரசிகள் சங்கத்தினர் ஊர்மக்களைக் கூட்டி, கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறி சேர்த்துச் சமைத்துப் பரிமாறினர். ரொட்டியில் வெண்ணெய் குறைந்தது. ஆண்கள் பலர் புகைப்பதை விட்டனர். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரண விகிதம் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தது.

நமக்கு இதிலுள்ள பாடம் என்ன? வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு நோயாளியின் தட்டுக்கு மட்டுமன்று. மாணவ நண்பர்களே, அப்பாவைக் காக்க வேண்டுமாயின், முதலில் நம் தட்டிலுள்ள ஊறுகாயைக் குறைப்போம். மாலையில் அவருடன் நடப்போம்!