தீவுப் பூனைகளும் கொல்லாமை அணுவிரதமும்

ஓர் உயிரைப் பிடித்துக் கூண்டில் அடைக்கின்றனர். இரவு முழுவதும் அதற்கு உணவளிக்காமல் வைக்கின்றனர். மறுநாள் காலை அதன் வயிற்றைக் கீறி உள்ளுறுப்பை அகற்றுகின்றனர். காதின் நுனியையும் சிறிது வெட்டுகின்றனர். பின்னர்ப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். இச்செயல் இம்சையா, ஜீவகாருண்யமா?

இவ்வாறு வினவினால் நம் வீட்டுச் சிறுவரும் 'இம்சையே' என்று தயங்காது விடை கூறுவர். இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்தைக் களங்கப்படுத்தும் அதிசாரங்கள் ஐந்து என்பதை அவர்கள் அறிவர். கட்டி வைத்தல் அல்லது அடைத்தல், அடித்துத் துன்புறுத்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கொடாமல் தடுத்தல் என்பன அவை. அருங்கலச்செப்பு முதலிய நம் நூல்கள் இவற்றை விலக்குமாறு அறிவுறுத்துகின்றன. மேலே கூறிய செயலிலோ இவ்வைந்தனுள் மூன்று ஒருங்கே காணப்படுகின்றன.

ஆயினும், உலகின் பல தீவுகளுக்குத் தொண்டர்கள் கடல் கடந்து சென்று, அங்கே திரியும் பூனைகளுக்கு இதனையே செய்துவருகின்றனர். அருளறம் என்று கருதியே செய்கின்றனர். அவர்தம் செயலை நம் அறநூல் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஆவோஷிமாத் தீவின் வரலாறு

ஜப்பான் நாட்டில் எஹிமே மாநிலக் கரைக்கு அப்பால், உள்நாட்டுக் கடலில் ஆவோஷிமா என்னும் சிறு தீவு உள்ளது. அதன் நீளம் சுமார் 1.6 கிலோமீட்டர். கரையிலிருந்து படகில் செல்ல அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். படகுகளில் வலைகளைக் கடித்துப் பாழாக்கிய எலிகளை ஒழிப்பதற்காக மீனவர்கள் அங்குப் பூனைகளைக் கொண்டுவந்தனர். 1945-ஆம் ஆண்டளவில் அத்தீவில் சுமார் 900 மக்கள் வாழ்ந்தனர். பின்னர்ப் பிழைப்பை நாடி இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். முதியோர் சிலரே எஞ்சினர். வீடுகள் பாழடைந்தன, பூனைகள் பெருகின.

2015-ஆம் ஆண்டில் பூனைகளின் தொகை நூற்றைக் கடந்துவிட்டது. 'பூனைத் தீவு' என்று பெயர் பரவி, வேடிக்கை பார்ப்போரும் வரலாயினர். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூனைகளுக்கு உணவு குறைந்தபோது விடுத்த வேண்டுகோளுக்கு இரங்கி, நாடெங்கிலுமிருந்து பலர் உணவு அனுப்பினர். இரக்கம் நல்லதே. ஆனால், உணவு மட்டும் வந்து பிறப்புக் கட்டுப்படாதிருந்தால், இன்று உண்ட பூனையின் குட்டிகள் நாளை பசித்திருக்கும் என்பதை ஊர் முதியோர் உணர்ந்தனர். தாம் மறைந்தபின் இவற்றைக் காப்பார் யார் என்னும் கவலையும் அவர்களுக்கு இருந்தது.

முடிவில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், விலங்குநல அறக்கட்டளை ஒன்றின் முயற்சியால், தீவிலிருந்த சுமார் 200 பூனைகளுக்கும் கருத்தடை அறுவை செய்யப்பெற்றது. அதன்பின் தீவில் குட்டிகள் பிறக்கவில்லை. இருக்கும் பூனைகள் உணவு பெற்று, முதுமை எய்தி, ஒவ்வொன்றாகத் தம் வாழ்நாளை முடித்து வருகின்றன. அவற்றுள் ஒன்றையும் எவரும் கொல்லவில்லை.

பெருக்கத்தின் துன்பம்

பெண் பூனை பிறந்த ஐந்தாறு மாதங்களிலேயே கருவுறும் நிலையை அடைந்துவிடும். கருப்பக் காலம் சுமார் 63 முதல் 65 நாள்களே. ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டிகள் என்பது இயல்பான அளவு. ஆண்டில் இரண்டு மூன்று முறையும் ஈனும். இவ்வளவு பிறந்தும் ஊர்கள் பூனைகளால் நிரம்பவில்லை. காரணம், காப்பாரற்ற குட்டிகளுள் பாதிக்கு மேற்பட்டவை ஆறு திங்கள் நிரம்புமுன் மடிகின்றன என்பதே. பசி, குடற்புழு, கண்நோய், கொள்ளைநோய் ஆகியன அவற்றை வாட்டுகின்றன. ஆண் பூனைகள் ஒன்றையொன்று கடித்துக் காயமுற்றுச் சீழ்பிடித்துத் திரிகின்றன. தீவில் இத்துன்பம் இன்னும் மிகுதி. தப்பிச் செல்ல வேறிடம் இல்லை. உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இனம் பெருகுவதால் பிறவிக் குறைகளும் மிகுகின்றன.

ஆனால் தீவுக்கு ஒரு நன்மையும் உண்டு. பெருநிலத்தில் ஒரு தெருவின் பூனைகளுக்கு அறுவை செய்தால் அடுத்த தெருவிலிருந்து வேறு பூனைகள் வந்து சேரும். பத்தில் ஏழு எட்டுக்கேனும் குறுகிய காலத்தில் அறுவை செய்தாலன்றித் தொகை குறையாது. தீவிலோ ஒரே பயணத்தில் ஏறக்குறைய அனைத்தையும் முடித்துவிட இயலும். மனிதர் புதிதாகக் கொண்டுவந்து விட்டாலன்றி வேறு பூனை வாராது. இக்காரணத்தால்தான் தொண்டர்கள் தீவுப் பயணத்தைத் தேர்ந்து மேற்கொள்கின்றனர்.

மூன்று அதிசாரங்களும் தொண்டர் நெறியும்

இனி, அத்தொண்டர்கள் பணியாற்றும் முறையை மூன்று அதிசாரங்களோடு பொருத்தி நோக்குவோம்.

முதலாவது, அடைத்தல். பூனை உள்ளே நுழைந்து மிதிபலகையில் கால் வைத்ததும் கதவு மூடிக்கொள்ளும் கூண்டையே பயன்படுத்துகின்றனர். கால்களைக் கவ்வும் பொறிகளைத் தொடுவதில்லை. வைத்த கூண்டைக் கண்காணிப்பின்றி விட்டுச் செல்லலாகாது என்பது அவர்களது முதல் விதி. வெயிலிலோ மழையிலோ அடைபட்ட உயிர் அங்கேயே மாண்டுபோகக் கூடுமன்றோ? பூனை அகப்பட்டவுடன் கூண்டைத் துணியால் மூடுகின்றனர். இருள் சூழ்ந்ததும் அதன் படபடப்புத் தணிகிறது. எக்கூண்டு எவ்விடத்தில் வைக்கப்பெற்றது என்று சீட்டெழுதிக் கட்டுகின்றனர். விடுவிக்கும்போது அதே இடத்தில் விடுதல் வேண்டும்.

இரண்டாவது, உணவைத் தடுத்தல். மயக்க மருந்து செலுத்தும்போது வயிற்றில் உணவிருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கு ஊறு விளைக்கும். ஆதலின் வளர்ந்த பூனைக்கு முன்னிரவு முதல் உணவில்லை. இளங்குட்டிக்கோ சில மணி நேரமே தடுக்கின்றனர். நெடும்பட்டினியால் அதன் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து சோர்ந்துவிடும் என்பதே காரணம். முலைக்காம்பு பருத்துப் பால் சுரக்கும் தாய்ப் பூனை அகப்பட்டால் அதற்கே முதலில் அறுவை செய்து, மயக்கம் தெளிந்தவுடன் விரைந்து விடுவிக்கின்றனர். எங்கோ ஒரு மறைவிடத்தில் அதன் குட்டிகள் பசியோடு காத்திருக்கும். ஓர் உயிருக்கு உணவைத் தடுக்கும்போது, அதனைச் சார்ந்த கண்காணா உயிர்களின் பசியையும் அவர்கள் எண்ணிப் பார்க்கின்றனர்.

மூன்றாவது, உறுப்பை அறுத்தல். இதுவே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம். காளைகளுக்குக் காயடித்தல், மூக்குக் குத்துதல் ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்ளலாகாது என்று நம் முன்னோர் விலக்கினர். அவ்விலக்கின் காரணம் தெளிவு. உடையவன் தன் ஏரையும் வண்டியையும் இழுக்கச் செய்வதற்காக, மயக்க மருந்து ஏதுமின்றி, துடிக்கத் துடிக்கச் செய்யப்பட்ட செயல் அது. பயன் மனிதனுக்கு, வலி காளைக்கு. தீவுப் பூனையின் அறுவையில் தொண்டர்க்கு ஊதியம் இல்லை. பூனை உணர்வற்றிருக்கும்போதே அறுவை நிகழ்கிறது. பெண் பூனைக்குக் கருப்பையும் கருவகமும் அகற்றப்படுகின்றன. தேர்ந்த கால்நடை மருத்துவர் இதனைப் பெரும்பாலும் அரைமணிக்குள் முடித்துவிடுவார். தானே கரைந்துவிடும் நூலால் தைப்பதால், தையல் பிரிக்க மீண்டும் பிடித்து வருத்த வேண்டுவதில்லை. மயக்கத்திலும் பூனையின் இமைகள் மூடா. ஆதலின் கண் உலராதிருக்கக் களிம்பிடுகின்றனர். உடல் குளிராதிருக்க வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி அருகில் வைக்கின்றனர்.

காது நுனியை வெட்டுவது எதற்காக? ஜப்பானில் அறுவை முடிந்த ஆண் பூனைக்கு வலக்காதிலும் பெண் பூனைக்கு இடக்காதிலும் முக்கோணமாகச் சிறு வெட்டு இடுகின்றனர். சகுரா மலரின் இதழ் போல் தோன்றுவதால் அவற்றைச் 'சகுராப் பூனைகள்' என்றே அழைக்கின்றனர். மயக்கம் தெளியுமுன்பே அவ்வெட்டும் இடப்படுகிறது. அவ்வடையாளம் இல்லையேல், அடுத்த ஆண்டு வருவோர் அதே பூனையைப் பிடித்து, மீண்டும் பட்டினியிட்டு, மீண்டும் வயிற்றைக் கீறிப் பார்க்க நேரும். சிறு வெட்டு பெருந்துன்பத்தைத் தடுக்கிறது.

பிரமாதம் என்னும் சொல்

'பிரமாதம்' என்னும் சொல்லை இன்று 'மிகச் சிறப்பு' என்ற பொருளில் வழங்குகிறோம். ஆகமப் பொருளில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். விழிப்பின்மையும் கஷாயங்களும் கூடிய மனம், சொல், உடல் ஆகியவற்றின் செயலால் உயிர்க்கு ஊறு விளைதலே இம்சை என்று நம் ஆசாரியர்கள் இலக்கணம் வகுத்தனர். கொள்ளையன் கையிலும் கத்தி உண்டு. மருத்துவர் கையிலும் உண்டு. இருவரும் உடலைக் கீறினும் இருவர் வினையும் ஒன்றன்று.

ஆனால் 'என் எண்ணம் நல்லது' என்று கூறிவிட்டால் மட்டும் குற்றம் நீங்கிவிடாது. எண்ணம் நல்லதாயின் செயலில் விழிப்பு இருத்தல் வேண்டும். மூடிய துணியும், எழுதிக் கட்டிய சீட்டும், கண்ணுக்கு இட்ட களிம்பும் அவ்விழிப்பின் சான்றுகள். கூண்டை வெயிலில் மறந்துவிட்டுப் போன தொண்டர், எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், இம்சைக்கு உள்ளானவரே.

ஒன்றை மறைக்காமல் கூறுதல் நம் கடமை. பிடிபடும் பூனை கருவுற்றிருந்தால் என் செய்வது? அறுவை செய்தால் கருவிலுள்ள உயிர்கள் அழியும். 'குட்டிகள் பெருகிவிடும்' என்று கூறிப் பல நாடுகளில் அறுவை செய்துவிடுகின்றனர். ஐம்பொறியுடைய உயிர்களின் அழிவை எச்சொல்லாலும் மறைக்க இயலாது. சிராவகர் அதற்கு உடன்படலாகாது. அத்தகைய பூனையை விடுவித்து, ஈன்று பாலூட்டி முடித்தபின் மீண்டும் பிடித்தல் வேண்டும். அதனினும் மேலானது காலம் அறிந்து செல்லுதல். குளிர்நாடுகளில் பகற்பொழுது நீளத் தொடங்கும்போது பூனைகளின் இணைவிழைவு தோன்றி, இலையுதிர்காலத்தில் தணியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்றால் கருவுற்ற பூனை அகப்படுதல் அரிது. நாள் குறிப்பதிலும் அறம் அடங்கியுள்ளது.

மற்றொரு தீவின் படிப்பினை

பிறப்பைக் கட்டுப்படுத்தாத இடத்தில் நிகழ்ந்தது யாது? தென்னாப்பிரிக்காவுக்கு உரிய மாரியன் தீவில், வானிலை நிலையத்தின் எலிகளை ஒழிக்க 1949-ஆம் ஆண்டில் ஐந்து பூனைகள் கொண்டுவரப்பெற்றன. 1977-ஆம் ஆண்டளவில் அவை சுமார் 3,400 ஆகிவிட்டன. நிலத்தில் வளைதோண்டி வாழும் கடற்பறவைகளை ஆண்டுதோறும் சுமார் 4,50,000 என்ற அளவில் அவை கொன்றுவந்தன என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். பின்னர்க் கொள்ளைநோய்க் கிருமியைப் பூனைகளிடம் பரப்பியும், இரவில் சுட்டும், பொறி வைத்தும், நஞ்சிட்டும் 1991-ஆம் ஆண்டிற்குள் அனைத்தையும் அழித்தனர். எந்த எலிகளுக்காகப் பூனைகள் வந்தனவோ அவ்வெலிகள் அதன்பின்னும் அங்கே எஞ்சின. அவை அல்பட்ராஸ் பறவைக் குஞ்சுகளைக் கடித்துக் கொல்லவும் தலைப்பட்டன. ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தபோது இருந்த விழிப்பின்மை எத்தனை இலட்சம் உயிர்களின் அழிவாக முடிந்தது!

ஜப்பானின் தோக்குனோஷிமாத் தீவில் வேறு நெறி கைக்கொள்ளப்பெற்றது. உலகில் அத்தீவிலும் அண்டையிலுள்ள அமாமித் தீவிலும் மட்டுமே வாழும் கருநிற முயலினம் ஒன்று உண்டு. அதனைப் பூனைகள் வேட்டையாடி வந்தன. 2014-ஆம் ஆண்டு முதல் அங்குப் பெருந்திரளாகக் கருத்தடை அறுவை செய்யப்பெற்றது. அறுவை பிறப்பைத் தடுக்குமேயன்றி வேட்டையைத் தடுக்காது. ஆதலின் காட்டில் பிடிபட்ட பூனைகளைக் காப்பகத்தில் வைத்து வளர்ப்போரிடம் அளிக்கும் முயற்சியும் உடன் நடைபெற்றது. முயலும் வாழவேண்டும், பூனையும் வாழவேண்டும் என்னும் நோக்கு இங்குப் புலனாகிறது.

நம் இல்லங்களுக்கு

இந்நெறி நமக்குப் புதிதன்று. 1959-இல் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் அமைப்பு 1964-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் முறையைத் தொடங்கிற்று. 1996-இல் சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு இம்முறையை ஏற்றது.

ஆயினும் நம் ஊர்களில் இன்றும் நிகழ்வது யாது? வீட்டுப் பூனை குட்டி ஈன்றால் சில நாள் பாலூட்டி மகிழ்கிறோம். குட்டிகள் வளர்ந்து அடுக்களையில் புகத் தொடங்கியதும் கோணிப்பையில் கட்டி, ஏரிக்கரையிலோ வேற்றூர்ச் சந்தையிலோ விட்டுவருகிறோம். 'கொல்லவில்லையே, விட்டுத்தானே வந்தோம்' என்று அமைதி கொள்கிறோம். மனமாரச் சிந்தித்தால், அக்கோணிப்பை அடைத்தலாகும். இரை தேடக் கல்லாத குட்டியை அறியாத இடத்தில் விடுதல் உணவைத் தடுத்தலாகும். தொண்டர்கள் மயக்க மருந்தோடும் விழிப்போடும் செய்வதை இம்சை என்று கூறத் துணியும் நாம், விழிப்பின்றிச் செய்யும் இதனைக் குற்றமென்றே எண்ணுவதில்லை. வளர்க்கும் பூனைக்கு உரிய பருவத்தில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்வித்து, அதன் வாழ்நாள் முழுவதும் உணவளித்துக் காப்பதே இல்லறத்தார்க்கு ஏற்ற வழி. அதுவும் இயலாதெனின், வளர்க்கத் தொடங்குமுன்பே அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? அவற்றுள் எவை பூனைக் கருத்தடைப் பணியில் தோன்றுகின்றன?

2. காளைக்குக் காயடித்தலுக்கும் தீவுப் பூனைக்குச் செய்யும் அறுவைக்கும் உள்ள வேற்றுமை யாது?

3. காதில் இடும் சிறு வெட்டு எத்துன்பத்தைத் தடுக்கிறது?

4. பயணத்திற்குரிய காலத்தைத் தேர்வதில் அறம் எவ்வாறு அடங்கியுள்ளது?

5. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிறந்த பூனைக்குட்டிகள் இன்று எங்கே உள்ளன? பெற்றோருடன் கலந்து விடை எழுதுக.